பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள்!

செல்லங்களே, வீட்டில் காலியான தண்ணீர் பாட்டில் கிடக்கிறதா? ஓடிப் போய் எடுத்து வாருங்கள். கவிழ்த்து, அடிப்பாகத்தைப் பாருங்கள். குட்டியாக ஒரு முக்கோணம், அதற்குள் 1 என்ற எண் தெரிகிறதா? 'பெட்' என்ற பிளாஸ்டிக் வகைக்கு அதுதான் அடையாளம்.

பிளாஸ்டிக்கில் பல வகை உண்டு. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்து உருக்கினால் சரியாக ஒட்டாது. எனவேதான், 1 முதல் 7 வரை எண் போடுகின்றனர். ஷாம்பு பாட்டிலில் பெரும்பாலும் 2 இருக்கும். பால் கவர், 4-ஆம் வகை.

பெட் பாட்டிலைத் துண்டு துண்டாக்கி, கழுவி, உருக்கி நூலாக இழுக்கலாம். அந்த நூலில் டி-ஷர்ட் கூட தயாராகிறது! மெல்லிய கவர்களுக்கு நம் மதுரையில் ஒரு வழி பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், சூடான ஜல்லி மீது நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினார். அது இளகி, ஜல்லியைப் போர்வை போல மூடிக் கொண்டது. அதோடு தார் கலந்து போட்ட சாலை உறுதியாக இருந்தது. இதற்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியே துண்டிக்காதீர்கள். ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். அந்தப் பொடித்துண்டை யாராலும் பொறுக்கவே முடியாது.

அடுத்தது காகிதம். 'காகிதம் மக்கும் குப்பைதானே, பச்சைத் தொட்டியில் போட்டால் என்ன?' என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி! மக்கும்தான். ஆனால், அதை மக்க விடுவானேன்? தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கினால் மறுபடியும் காகிதம் ஆகுமே! ஒவ்வொரு முறையும் அதன் நார் குட்டையாகும் என்பதால், ஐந்தாறு முறைதான் இப்படிச் செய்யலாம். எனவே, நீலத் தொட்டியில் உலர் குப்பையோடு போடுங்கள். பஜ்ஜி மடித்த பேப்பர் மட்டும் வேண்டாம். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, கூழைக் கெடுத்துவிடும். பள்ளி நோட்டு, செய்தித்தாளை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டால் காசும் கிடைக்கும்.

கண்ணாடிக்கு இந்தக் கவலையே இல்லை. எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடி கண்ணாடிதான். புது மணலை உருக்குவதைவிட, பழைய கண்ணாடியை உருக்க வெப்பமும் குறைவாகவே போதும்.

ஆனால், உடைந்த கண்ணாடி?

எங்கள் தெருவில் விசில் ஊதியபடி குப்பை வண்டி தள்ளி வரும் அம்மா, பத்து நாட்களாக வரவில்லை. பிறகு கையில் கட்டோடு வந்தார். யாரோ சாம்பார் சாதத்துக்கு நடுவே உடைந்த டம்ளரைப் போட்டிருக்கிறார்கள். உள்ளங்கையில் மூன்று தையல். வராத நாட்களுக்குச் சம்பளமும் இல்லையாம்.

உடைந்ததை நீங்கள் தொட வேண்டாம், பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நான்கைந்து செய்தித்தாளில் சுருட்டி, அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அதன்மேல் சிவப்பு மையில், 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதும் வேலை உங்களுடையது. வண்டி வந்ததும் தொட்டியில் போடாமல், சொல்லிவிட்டுத் தனியாகக் கொடுங்கள்.