168 மணி நேரம்: ஓர் ஆசிரியையின் வாரக் கணக்கு

கிள்ளானில் குடியிருந்து பிரிக்பீல்ட்ஸ் இடைநிலைப்பள்ளிக்குப் போய்வரும் ஓர் ஆசிரியையை நினைத்துக்கொள்வோம். எல்லோரையும் போல அவருக்கும் வாரத்துக்கு 168 மணி நேரம்தான். அது எங்கே போகிறது?

பள்ளிக்கு

2013-இல் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடி நடத்திய டாலிஸ் என்னும் பன்னாட்டு ஆசிரியர் ஆய்வில், மலேசியாவின் கீழ்நிலைப் படிவ ஆசிரியர்கள் தாங்களே சொன்ன வார மணிக்கணக்கு இது. அடைப்பில் இருப்பது பங்கேற்ற நாடுகளின் சராசரி.

- மொத்த வேலை: 45.1 (38.3)
- கற்பித்தல்: 17.1 (19.3)
- திருத்தும் பணி: 7.4 (4.9)
- அலுவலக எழுத்துவேலை: 5.7 (2.9)
- புறப்பாட நடவடிக்கை: 4.9 (2.1)

கற்பிக்கும் நேரம் 2.2 மணி குறைவு. மொத்த வேலையோ 6.8 மணி அதிகம். களைப்பு வகுப்பறைக்கு வெளியேதான் சேர்கிறது.

பயணத்துக்கு

கொமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் உள்ள கேஎல் சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம். போகவர 2, ஐந்து நாளுக்கு 10.

வீட்டுக்கு

வேலை 45.1, பயணம் 10, தினம் 7 மணி உறக்கம் 49. கழித்தால் மிச்சம் 63.9. சனி, ஞாயிறில் பள்ளி வேலையைத் தொடவே இல்லை என்றால், அவ்விரு நாள்களின் 34 மணி போக, ஒரு வேலைநாளுக்கு மிஞ்சுவது சுமார் 6 மணி. குளிப்பது, பசியாறுவது, சமையல், துணி, பிள்ளைகளின் பாடம், பெரியவர்களின் மருந்து எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அந்த ஆய்வின் மலேசிய ஆசிரியர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள்.

மீட்கக்கூடியது

திருத்தமும் எழுத்துவேலையும் சராசரி அளவுக்கு இறங்கினால் 2.5 + 2.8 = 5.3 மணி மிச்சமாகும். நாளுக்கு 1 மணிக்குச் சற்று மேல்.

திருத்தத்தில் ஆசிரியை தாமே கொஞ்சம் மீட்கலாம். ஒரு வகுப்பில் 35 மாணவர், ஒரு பயிற்சிப் புத்தகத்துக்கு 2 நிமிடம் என்றால் 70 நிமிடம். தினமும் செய்தால் வாரத்துக்கு 350. நாளுக்கு 7 பேர் என முறைவைத்து, மற்றவர்களுக்கு விடையைக் கரும்பலகையில் சேர்ந்து சரிபார்த்தால் 70-இல் முடியும். ஒவ்வொரு மாணவருக்கும் வாரம் ஒருமுறை முழுக் கவனமும் கிடைக்கும்.

எழுத்துவேலை அவர் கையில் இல்லை. ஒரு விவரத்தை ஒருமுறைக்கு மேல் கேட்காமலும், இரவில் புலனக் குழுவில் வேலை அனுப்பாமலும் இருப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

ஒவ்வோராண்டும் மே 16 ஆசிரியர் தினத்தில் வாழ்த்துச் சொல்கிறோம். வாழ்த்தோடு அந்த 1 மணி நேரத்தையும் கொடுப்போம். வீட்டில் ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கிறது.