நீச்சற்குள நீர்ச் சமநிலை

நீச்சற்குள நீர்ச் சமநிலை என்பது, நீச்சற்குள நீரின் வேதிப் பண்புகளை அளந்து அவற்றைக் குறித்த வரம்புகளுக்குள் பேணுதல் ஆகும். குளிப்பவர்க்கு நோய் பரவாமல் தடுப்பதும், குளத்தின் சுவர், குழாய், வடிகட்டி ஆகியவை கெடாமல் காப்பதும் இதன் நோக்கங்கள். நீர் தெளிவாக இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல. கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் நோய்க்கிருமிகள் வாழக்கூடும். எனவே சோதனை இன்றியமையாதது.

தேவை

வயல்வெளியில் பம்புசெட்டுத் தொட்டியில் குளிக்கும்போது நீர் ஒருபுறம் விழுந்து மறுபுறம் வாய்க்காலில் ஓடிவிடுகிறது. நீச்சற்குளத்திலோ அதே நீர் வடிகட்டி வழியாகச் சுழன்று பல மாதங்கள் தங்குகிறது. வியர்வை, தோல் எண்ணெய், சிறுநீர், இலைதழை ஆகியவை அதில் சேர்கின்றன. நீர் ஆவியாகும்போது உப்புகள் தங்கிவிடுகின்றன.

2024ஆம் ஆண்டில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் சிறுவர் சிலர் இறந்தனர். இதைத் தொடர்ந்து நீச்சற்குளங்களில் முறையாகக் குளோரின் இடுமாறு அம்மாநில அரசு வலியுறுத்தியது. இந்நோயை உண்டாக்கும் நைக்லீரியா ஃபௌலெரி என்னும் அமீபா வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. மூக்கின் வழியே மூளையை அடைவது. போதிய குளோரின் உள்ள நீரில் இது வாழ்வதில்லை.

அளவிடப்படும் பண்புகள்

காரகாடித்தன்மைச் சுட்டெண் (பி.எச்): இது 7.2 முதல் 7.8 வரை இருத்தல் வேண்டும். நீரில் இடப்படும் குளோரின், ஐப்போகுளோரசு அமிலமாகவும் ஐப்போகுளோரைட்டு அயனியாகவும் பிரிகிறது. இவற்றுள் கிருமிகளை விரைந்து கொல்வது முன்னதே. சயனூரிக் அமிலம் கலவாத நீரில், பி.எச் 7.5 ஆக இருக்கும்போது ஏறத்தாழப் பாதி அமில வடிவில் இருக்கும். 8.0 ஆகும்போது இது கால் பங்காகவும், 8.5 ஆகும்போது பத்தில் ஒரு பங்காகவும் குறைகிறது. ஆகவே பி.எச் உயர்ந்த நீரில் குளோரினை மேலும் மேலும் கொட்டினாலும் உரிய பயன் கிட்டாது.

மொத்தக் காரத்தன்மை: இது பி.எச்சிலிருந்து வேறானது. பி.எச் மாற்றத்தை எதிர்த்து நிற்கும் நீரின் ஆற்றலை இது குறிக்கும். பெரும்பாலும் பைகார்பனேட்டு அயனிகளால் உண்டாவது. லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் ஏற்றது. குறைந்தால் பி.எச் நிலையின்றித் தாவும், மிகுந்தால் பி.எச் ஓயாது உயரும்.

கால்சியக் கடினத்தன்மை: 200 முதல் 400 மில்லிகிராம் பொதுவாக ஏற்கப்படுகிறது. குறைந்தால் நீர் சிமெண்டுப் பூச்சிலிருந்து கால்சியத்தைக் கரைத்தெடுக்கும்; மிகுந்தால் சுவரிலும் குழாயிலும் வெண்படிவு தோன்றும். வெப்பம் உயர உயரக் கால்சியம் கார்பனேட்டின் கரைதிறன் குறைவதால், கோடையில் படிவு மிகும். படியுமா, அரிக்குமா என்பதை முன்னறிய உதவும் குறியீட்டை வில்பிரட் லாஞ்சலியர் 1936இல் வெளியிட்டார்.

கட்டற்ற குளோரின்: கிருமிகளைக் கொல்ல எஞ்சியுள்ள குளோரின் இது. லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் தேவை. சயனூரிக் அமிலம் பயன்படுத்தும் குளங்களில் குறைந்தது 2 மில்லிகிராம் தேவை. வியர்வை, சிறுநீர் ஆகியவற்றில் உள்ள நைதரசன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்தால் குளோரமீன்கள் உண்டாகின்றன. கண்ணெரிச்சலுக்கும் 'குளோரின் வாடை' எனப்படுவதற்கும் இவையே பெரும்பாலும் காரணம். கடும் வாடை என்பது குளோரின் மிகுதிக்கன்று, கட்டற்ற குளோரின் போதாமைக்கே பெரும்பாலும் அறிகுறியாகும்.

விழுப்புரம் பகுதி நீர்

விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதி சார்னோக்கைட்டு, நைசு போன்ற கடினப் பாறைகளின் மீது அமைந்தது. கிழக்கே வானூர், புதுச்சேரி எல்லையை ஒட்டிப் படிவுப் பாறைகள் உள்ளன. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நீர் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட்டு ஆகியவற்றைக் கரைத்துக்கொள்கிறது. எனவே விழுப்புரத்திற்கு அருகே பம்பை ஆற்றங்கரையில் உள்ள திருவாமாத்தூர் போன்ற ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரால் குளத்தை நிரப்புவோர், முதலில் அக்கிணற்று நீரையே சோதிக்க வேண்டும். அண்டை வீட்டுக் கிணற்றின் முடிவு இதற்குப் பொருந்தாது. ஆழத்திற்கேற்பவும் பருவத்திற்கேற்பவும் நீரின் தன்மை மாறும்.

இந்தியக் குடிநீர்த் தரம் (2012) மொத்தக் கடினத்தன்மைக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கிறது. குடிக்கத்தக்க நீரும் குளத்திற்கு மிகக் கடினமாக இருக்கலாம் என்பது இதனால் விளங்கும். கால்சியத்தை எளிதில் நீக்கும் வேதிப்பொருள் வீட்டுப் பயன்பாட்டில் இல்லை. மென்னீரைக் கலப்பதே வழி. வடகிழக்குப் பருவமழையின்போது தூய கூரையிலிருந்து சேமித்த மழைநீர் இதற்கு ஏற்றது.

புதிய குளத்தில் செய்முறை

புதிய சிமெண்டுப் பூச்சிலிருந்து கால்சியம் ஐதராக்சைடு சில வாரங்கள் கசிந்து பி.எச்சை உயர்த்தும். ஆகையால் முதல் மாதம் பி.எச்சையும் குளோரினையும் நாள்தோறும் சோதித்தல் நன்று. சோதனை நீரை மேற்பரப்பிலிருந்து அல்லாமல், முழங்கை ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும்.

பி.எச்சை அளக்கப் பீனால் சிவப்பு பயன்படுகிறது. குளோரினுக்கு ஆர்த்தோடொலிடின் கரைசலை விட, பாலின் 1957இல் வெளியிட்ட டி.பி.டி. முறை சிறந்தது, அது கட்டற்ற குளோரினையும் சேர்ந்த குளோரினையும் பிரித்துக் காட்டும். குளோரின் மிக அதிகமாயின் டி.பி.டி.யின் நிறம் வெளுத்து, குளோரினே இல்லை என்பது போலத் தோன்றும். அப்போது நீரை நீர்க்கச் செய்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

திருத்தும் வரிசை: முதலில் காரத்தன்மை, அடுத்து பி.எச், பின்னர் கடினத்தன்மை, இறுதியில் குளோரின்.

எடுத்துக்காட்டாக, 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரி 1.25 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 40,000 லிட்டர் கொள்ளும். அதில்,

* காரத்தன்மையை 10 மில்லிகிராம் உயர்த்த ஏறத்தாழ 670 கிராம் சமையல் சோடா தேவை.
* அதே அளவு குறைக்க 33% ஐதரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ முக்கால் லிட்டர் தேவை.
* குளோரினை 1 மில்லிகிராம் உயர்த்த, 33% பயன்படு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 120 கிராம் தேவை.

அமிலம் காரத்தன்மையோடு பி.எச்சையும் குறைக்கும். பின்னர் நீரைப் பீய்ச்சியோ கலக்கியோ காற்றோட்டம் தந்தால் கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை உயராமலே பி.எச் மீளும். கடின நீர்க் குளத்தில் அமிலத்தைப் பல நாட்களாகப் பகுத்து இட வேண்டும். ஒவ்வொரு முறையும் நீரைச் சில மணி நேரம் சுழலவிட்டு மறுபடி சோதித்த பின்னரே அடுத்த அளவை இடுதல் வேண்டும்.

குளோரின் மூலங்கள்

பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஐப்போகுளோரைட்டும் கால்சியத்தைச் சேர்க்கின்றன. கால்சியம் ஐப்போகுளோரைட்டு வழியாக நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் இட்டால், 100 நாட்களில் கடினத்தன்மை லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் கூடும். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பும் உள்ளதால் கூடுதல் இன்னும் மிகும். கடின நீர் உள்ள இடங்களில் நீர்மமான சோடியம் ஐப்போகுளோரைட்டு பொருத்தமானது. ஆனால் அது வெயிலில் வைத்தால் விரைவில் வலுவிழக்கும்.

சூரியனின் புற ஊதாக் கதிர்கள் திறந்தவெளிக் குளத்தின் குளோரினில் பெரும்பகுதியை ஓரிரு மணி நேரத்தில் சிதைக்கின்றன. 30 முதல் 50 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் இதைத் தடுக்கும். அது மிகுந்தால் குளோரினின் வேகம் மந்தமாகும். டிரைகுளோர் வில்லைகள் ஒவ்வொரு மில்லிகிராம் குளோரினுக்கும் ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தையும் சேர்ப்பதால், அவற்றை மட்டுமே நம்புவது தகாது.

பாதுகாப்பு

அமிலமும் குளோரின் பொருட்களும் ஒன்றுசேர்ந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். டிரைகுளோரும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பற்றவோ வெடிக்கவோ கூடும். எனவே இவற்றைத் தனித்தனி இடங்களில் வைத்து, தனித்தனிக் கலங்களால் அளக்க வேண்டும். அமிலத்தை நீரில் ஊற்றலாம். நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. கையுறையும் கண்ணாடியும் அணிதல் வேண்டும்.

சரியான அளவிலுள்ள குளோரினும் எல்லாவற்றையும் உடனே கொல்வதில்லை. பாக்டீரியாக்கள் பல நிமிடங்களில் இறக்கும். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோசுபோரிடியம் ஒரு வாரத்திற்கு மேலும் உயிர்வாழும். வயிற்றுப்போக்கு உள்ளவர் குளத்தில் இறங்காதிருத்தலும், இறங்குமுன் யாவரும் உடல் கழுவுதலும் வேதிப்பொருளால் ஈடுசெய்ய முடியாத காப்புகளாகும்.