இருபுறச் சமச்சீர்: ஒரு பாதிக்கு மறுபாதி சாட்சி

மும்பையில் செம்பூருக்கு அப்பால், டிராம்பேயின் கிழக்குக் கரையை ஒட்டித் தாணேக் கழிமுகம் விரிந்துள்ளது. நீர் வற்றும் வேளையில் அதன் சேற்று நிலத்து வளைகளிலிருந்து பிடில் நண்டுகள் வெளிவருவதைக் காணலாம். பெண் நண்டின் இரு கொடுக்குகளும் சிறியவை, ஒன்றையொன்று ஒத்தவை. ஆண் நண்டுக்கோ ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக வளர்ந்திருக்கும். இக்காட்சி வியப்பூட்டுவதற்குக் காரணம், பிராணிகளின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒத்திருக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதேயாகும்.

இவ்வொப்புமையே இருபுறச் சமச்சீர் எனப்படுகிறது. முதுகின் நடுக்கோட்டின் வழியே உடலை இரண்டாகப் பிரிப்பதாகக் கொண்டால், ஒரு பாதி மறுபாதியின் கண்ணாடி நிழலாக அமையும். மண்புழு, வண்ணத்துப்பூச்சி, மீன், பறவை, மனிதன் ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. பாறைகளில் பதிந்துள்ள சுவடுகளிலிருந்து, இவ்வமைப்பு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டதென அறிகிறோம்.

இவ்வமைப்பின் பயன் யாது? ஓரிடத்தில் ஒட்டி வாழும் கடற்சாமந்திக்கு இரை எத்திசையிலிருந்தும் வரக்கூடும். ஆதலால் அதன் உடல் சக்கரத்தின் ஆரங்களைப் போல் அமைந்துள்ளது. முன்னோக்கிச் செல்லும் பிராணிக்கோ இரையும் பகையும் முதலில் எதிர்ப்படுவது முன்முனையிலேதான். எனவே வாயும் புலன்களும் மூளையும் அங்கே திரண்டு தலை உருவாயிற்று. மேலும் கீழும் வேறுபட்டதால் முதுகும் வயிறும் பிரிந்தன. இடமும் வலமும் சமமாக இயங்கினால்தான் நேராகச் செல்ல இயலும். ஆகவே அவை ஒத்தே நின்றன.

இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு. நாக்குமீன் குஞ்சாயிருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்ணுடையது. வளர வளர ஒரு கண் தலையின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட, மீன் கடலின் அடித்தரையில் ஒருக்களித்துக் கிடந்து வாழ்கிறது. நட்சத்திரமீனின் இளம் உயிரியும் இருபுறச் சமச்சீர் உடையதே. முதிர்ந்த பின்னரே ஐந்து கதிர் வடிவம் கொள்கிறது. மனித உடலிலும் இச்சமச்சீர் பெரும்பாலும் வெளித்தோற்றத்தோடு நின்றுவிடுகிறது. இருதயம் இடப்புறம் சாய்ந்துள்ளது; ஈரல் வலப்புறம் உள்ளது; வலது நுரையீரலில் மூன்று மடல்களும் இடது நுரையீரலில் இரண்டு மடல்களும் உள்ளன.

ஆங்கிலத்தில் வழங்கும் 'பைலேட்டரல்' என்னும் சொல், இரண்டு, பக்கம் எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. கங்கை நீர்ப் பங்கீடு குறித்து இந்தியாவும் வங்காளதேசமும் 1996-ல் செய்துகொண்ட உடன்படிக்கையை இருதரப்பு உடன்படிக்கை என்கிறோம். இரு சிறுநீரகங்களையும் பற்றிய நோயை மருத்துவர் இருபுற நோய் என்பார். இவ்விடங்களில் இச்சொல் இரு பக்கங்கள் சம்பந்தப்பட்டவை என்று மட்டுமே கூறுகிறது. அவை சமமானவை என்று கூறுவதில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்க்குத் தெளிவாக உணர்த்துதல் வேண்டும்.

களப் பணியாளருக்கு இவ்வேறுபாடு இன்னும் முக்கியமானது. மாட்டுங்காவில் 1890-ல் வீடற்ற தொழுநோயாளிகளுக்காக ஒரு காப்பகம் நிறுவப்பட்டது. நகராட்சி ஆணையராக இருந்த அக்வொர்த்தின் பெயரால் அது பின்னர் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை என்று வழங்கலாயிற்று. அக்காலத்தில் நோயாளியை ஒதுக்கி வைப்பதே வழக்கம். 1976-ல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலேயே நோயாளிகளைக் கண்டறிந்து சிகிச்சையளிக்கும் பணியை மேற்கொண்டது. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

இந்நோயைக் கண்டறிவதில் உடலின் ஒரு பாதியே மறுபாதிக்கு அளவுகோலாகிறது. முழங்கைக்குப் பின்னுள்ள நரம்பை இரு கைகளிலும் தடவிப் பார்த்தால், தடித்திருப்பது எதுவெனப் புலனாகும். உணர்ச்சி குன்றிய தேமலையும், வலுவிழந்த விரலையும், சரியாக மூடாத இமையையும் எதிர்ப்புறத்தோடு ஒப்பிட்டு அறியலாம். கிருமிகள் குறைவாக உள்ள வகையில் தேமல்கள் சிலவே; அவை பெரும்பாலும் ஒருபுறமாகவே அமையும். ஆதலால் அவை எளிதில் கண்ணில் படும்.

கிருமிகள் மிகுந்த வகையிலோ மாறுதல்கள் இருபுறமும் ஏறக்குறைய சமமாகப் பரவுகின்றன. இரு காது மடல்களும் ஒருங்கே தடிக்கக்கூடும்; இரு புருவங்களும் ஒருங்கே உதிரக்கூடும். தொடக்கத்தில் தோலில் உணர்ச்சிக் குறைவும் தோன்றாதிருக்கலாம். ஒப்பிடுவதற்கு நல்ல பாதி எஞ்சாமையால், பார்ப்பவர் அம்முகத்தை இயல்பானதென்றே எண்ணி விட்டுவிடுவது உண்டு. பிறருக்கு நோயைப் பரப்பக்கூடியவர் பெரும்பாலும் இவரே. ஆகவே இரு பக்கமும் ஒத்திருக்கக் கண்டவுடன் சோதனையை முடித்துவிடலாகாது. நல்ல பகல் வெளிச்சத்தில் உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். ஐயமிருப்பின் காது மடலிலிருந்து தோல் திசுநீர் எடுத்துச் சோதிக்கச் செய்ய வேண்டும். ஊனம் நேருமுன் சிகிச்சை தொடங்கினால், ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோய் குணமாகும்.

பள்ளியாசிரியர் இப்பாடத்தை நடத்த ஒரு சிறு கண்ணாடியும் ஒரு நண்டும் போதும். கண்ணாடியை நண்டின் நடுக்கோட்டில் நிறுத்தி, எங்கே பாதிகள் ஒத்துள்ளன, எங்கே மாறுபடுகின்றன என்று மாணவரையே சொல்லச் செய்யலாம். இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இளமையிலேயே படிந்தால், பிற்காலத்தில் அது ஒருவரது கையையோ கண்ணையோ காப்பாற்ற உதவும்.