எந்த எஸ். ராமகிருஷ்ணன்? ஒரே பெயரில் பல பிரபலங்கள் இருப்பதால் என்ன சிக்கல்?

‘எஸ். ராமகிருஷ்ணன்’ என்று சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வர்றாங்க?

நீங்க நாவல் படிக்கிறவர்னா, ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற எழுத்தாளர் எஸ்.ரா. வந்து நிற்பார். அகராதியைப் புரட்டுகிற பழக்கம் இருந்தால், க்ரியா பதிப்பகத்தை நடத்தி, ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யைக் கொண்டுவந்த எஸ். ராமகிருஷ்ணன். 2020 நவம்பரில் காலமானார். ராக்கெட் செய்திகளை விடாமல் படிப்பவர்களுக்கு, திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன். தென்காசிப் பக்கம் போய்க் கேட்டால், ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனைத்தான் சொல்வாங்க.

நாலு துறை, நாலு பேர், ஒரே பெயர், ஒரே இனிஷியல். கடைசி ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ வேற: ஒருவருக்கு 2003-ல், இன்னொருவருக்கு 2020-ல். பத்ம விருதுப் பட்டியலை எக்செல்லில் போட்டு, பெயரை மட்டும் வச்சு ‘டூப்ளிகேட் நீக்கு’ பட்டனை அமுக்கினால் இதில் ஒருவர் காணாமல் போயிடுவார். என்னைப் போல டேட்டாவோடு மல்லுக்கட்டுறவங்களுக்கு இது தினசரித் தலைவலி. ஆனா விஷயம் எக்செல்லோடு முடியலை. தேர்தல் முடிவு வரைக்கும் போகுது.

முதலில், இந்த மோதல் ஏன் வருது?

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுகிற ஒரே அடையாளம். அந்த ஒரு எழுத்தையும் நாம ஆங்கிலத்தில் எழுதுறோம். சுப்பிரமணியன் மகன், சிவராமன் மகன், சண்முகம் மகன், ஸ்ரீநிவாசன் மகன் என்று நாலு பேரை எடுத்துக்கோங்க. தமிழ் எழுத்தில் இனிஷியல் போட்டால் சு., சி., ச., ஸ்ரீ. என நாலும் தனித்தனியா நிற்கும். ஆங்கில எழுத்துக்கு மாறினதும் நாலுமே ‘எஸ்.’ ஆயிடுது.

அப்போ குடும்பப் பெயர் இருந்தால் தப்பிச்சிடலாமா? அதுவும் இல்லை. 1984-ல் விண்வெளிக்குப் போன ராகேஷ் சர்மாவைத் தெரியும். அதே பெயரில், குஜராத் 2002 வன்முறை பற்றி ‘ஃபைனல் சொல்யூஷன்’ ஆவணப்படம் எடுத்த இயக்குநரும் இருக்கார். சல்மான் கான் என்றால் நமக்கு நடிகர். ஆன்லைனில் கணக்கு படிச்ச பசங்களுக்கு கான் அகாடமி நிறுவனர். சௌம்யா சுவாமிநாதன் என்று தேடினால், உலக சுகாதார அமைப்பின் தலைமை விஞ்ஞானியாக இருந்தவரும் வருவார், 2009-ல் உலக ஜூனியர் மகளிர் பட்டம் வென்ற செஸ் வீராங்கனையும் வருவார்.

இவங்க விஷயத்தில் குழப்பம் வந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. துறை தெரிந்தால் ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். ஒரே பெயர்க்காரங்க ஒரே இடத்தில், ஒரே வேலைக்குப் போட்டி போடும்போதுதான் சிக்கலே. அப்படி ஒரு இடம் வாக்குச்சீட்டு.

2024 மக்களவைத் தேர்தல், ராமநாதபுரம் தொகுதி. மூன்று முறை முதல்வராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். கூடவே இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். இனிஷியல்கூட அதே ‘ஓ’. வாக்குப்பதிவு எந்திரத்தில் வேட்பாளர்களை வரிசைப்படுத்த ஒரு முறை இருக்கு: அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலில், பதிவு பெற்ற மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. அவர் ஒரு பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றிருந்தால் மேலே தனியாக இருந்திருப்பார். சுயேச்சை என்பதால் மற்ற பன்னீர்செல்வங்களோடு ஒரே பிரிவில் சேர வேண்டியதாயிற்று. ‘பலாப்பழம் சின்னம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அவர் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் 3 லட்சத்து 42 ஆயிரத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கி இரண்டாம் இடம் பிடித்தார். வெற்றி பெற்ற நவாஸ் கனியுடனான வித்தியாசம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அதனால இங்கே மற்ற பன்னீர்செல்வங்கள் முடிவை மாற்றினாங்கன்னு சொல்ல முடியாது. 2019-ல் வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்தும் இரண்டு ‘ராகுல் காந்தி’கள் நின்றாங்க. அவர் ஜெயித்தது 4 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில்.

ஆனா வித்தியாசம் சின்னதாக இருந்தால் கதையே வேற. 2004 மக்களவைத் தேர்தலில் கேரளாவின் ஆலப்புழையில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 வாக்குகளில் தோற்றார். அதே தொகுதியில் நின்ற வி.எஸ். சுதீரன் வாங்கியது 8 ஆயிரத்துக்கும் மேல். 2016 சட்டமன்றத் தேர்தலில் மஞ்சேஸ்வரத்தில் பா.ஜ.க.வின் கே. சுரேந்திரன் வெறும் 89 வாக்குகளில் தோற்றார். பகுஜன் சமாஜ் கட்சியின் கே. சுந்தராவுக்கு விழுந்தது 467. ரெண்டு கட்சிகளும் அப்போது தேசியக் கட்சிகள், ரெண்டு பெயரும் ‘சு’வில் தொடங்குது. ஒரே பிரிவு, அகர வரிசையிலும் பக்கம் பக்கம்.

சத்தீஸ்கரின் மகாசமுந்த் தொகுதியில் 2014-ல் நடந்தது இன்னும் உச்சம். பா.ஜ.க. வேட்பாளர் சந்து லால் சாஹுவை எதிர்த்து, சந்து லால், சந்து ராம் என்று பத்துப் பேர் அளவுக்கு சாஹுக்கள் சுயேச்சையாக நின்றார்கள். இவ்வளவையும் தாண்டி அவர் முன்னாள் முதல்வர் அஜித் ஜோகியைத் தோற்கடித்தது 1,217 வாக்குகளில்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வி.எஸ். சுதீரனுக்கு விழுந்த ஓட்டு எல்லாமே தவறுதலா விழுந்ததுன்னு யாராலும் நிரூபிக்க முடியாது. வாக்கு ரகசியம் என்பதால் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. ‘வித்தியாசத்தைவிட பெயர்க்காரர் வாங்கிய ஓட்டு அதிகம்’ என்பது வலுவான சந்தேகம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் இதை உறுதியான உண்மையாகப் போட்டு ஒரு கிராஃபிக்ஸ் வந்தால் கொஞ்சம் நிதானிச்சுக்கோங்க.

தடுக்கச் சட்டம் இல்லையா?

கொஞ்சம் இருக்கு. 1961-ம் ஆண்டின் தேர்தல்களை நடத்தும் விதிகளின்படி, ஒரே பெயரில் இரண்டு வேட்பாளர்கள் இருந்தால் தொழில், ஊர் அல்லது வேறு ஏதாவது ஒன்றைச் சேர்த்து வேறுபடுத்திக் காட்டணும். 2015 மே முதல் எந்திரத்தில் வேட்பாளர் புகைப்படமும் வந்தது. மஞ்சேஸ்வரம் தேர்தல் அதற்குப் பிறகு நடந்ததுதான் என்பதை இங்கே கவனிக்கணும்.

போட்டியிடுவதையே தடுக்க முடியாதா என்று உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பொதுநல மனு போனது. 2024 மே மாதம் அதை விசாரிக்க நீதிபதிகள் மறுத்துட்டாங்க. அப்பா, அம்மா வச்ச பெயர் ஒரு தலைவரின் பெயராக இருப்பதாலேயே ஒருவரின் போட்டியிடும் உரிமையைப் பறிக்க முடியுமா என்பது அவர்கள் கேட்ட கேள்வி. எனக்கு அதில் நியாயம் தெரியுது. உண்மையிலேயே மக்கள் பணிக்காக நிற்கும் ஒரு பன்னீர்செல்வத்தையும், நிறுத்தப்பட்ட ஒரு பன்னீர்செல்வத்தையும் வேட்புமனுவை வச்சு எப்படிப் பிரிப்பீங்க?

2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. எந்திரத்தில் வண்ணப் புகைப்படம், அதில் முக்கால் பங்கு முகம், எல்லாப் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில், வரிசை எண் பெரிதாக. பீகார் தேர்தலில் இது தொடங்கியது.

சரி, நீங்க தேர்தலில் நிற்கப் போறதில்லை. உங்களுக்கு இதில் என்ன?

வேலைக்குச் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கில் சம்பந்தப்பட்டவர் பெயரைப் போட்டுத் தேடலாம். உங்க பெயரிலேயே வேறு யாரோ ஒருவரின் வழக்கு அங்கே இருக்கலாம். அவசரப்படும் ஒரு நிறுவனம் அப்பா பெயர், முகவரியைப் பார்க்காமல் விட்டால் கஷ்டம் உங்களுக்குத்தான். கேள்வி வந்தால் வழக்கு எண்ணைக் கேளுங்க. அதை வச்சு அந்த ஆள் நீங்க இல்லைன்னு காட்டுவது சுலபம். கிரெடிட் ரிப்போர்ட்டையும் வருஷத்துக்கு ஒரு தடவை இறக்கிப் பாருங்க, தெரியாத கடன் இருந்தால் பான் எண்ணோடு ஆட்சேபம் பதிவு செய்யுங்க. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிச்சுத்தான் எழுதணும் என்பதால், மற்ற ஆவணங்களிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

ஆய்வுக் கட்டுரை எழுதுறவங்களுக்கு ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கு. 2012-ல் தொடங்கினது, இலவசம். ‘எஸ். குமார்’ என்ற பெயரில் கட்டுரை எழுதுறவர்னா இன்னைக்கே எடுத்துடுங்க.

என் கதை ஒண்ணு. ஒரு முறை வேட்பாளர்களின் சொத்து விவரங்களைத் தொகுக்கும்போது, ஒரே பெயருள்ள இரண்டு பேரை ஒருவராகச் சேர்த்து, அஞ்சு வருஷத்தில் சொத்து பல மடங்கு ஆயிடுச்சுன்னு எழுதி வச்சிருந்தேன். அப்பா பெயர் ரெண்டு பிரமாணப் பத்திரத்திலும் வேறன்னு எடிட்டர்தான் கண்டுபிடிச்சார். வெளியாக அரை மணி நேரம் இருந்தது.