தொட்டியின் மூடியைத் திறக்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள்

செட்டிநாட்டில் ஒரு வீட்டில் திருமணமோ சஷ்டியப்த பூர்த்தியோ நிச்சயமானால், பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த வீடு திறக்கப்படுகிறது. முகப்பு முதல் பின்கட்டு வரை கழுவித் துடைக்கப்படுகிறது. கிணறு தூர் வாரப்படுகிறது. உறவினர் பலர் வந்து தங்கவிருப்பதால், செப்டிக் டேங்க் என்று நாம் வழங்கும் மலக்கழிவுத் தொட்டியையும் சுத்தம் செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. வீட்டைக் கவனித்துக்கொள்பவர் தெரிந்த ஒருவரை அழைத்து வருகிறார். அவர் மூடியைத் திறந்து உள்ளே இறங்குகிறார். அவ்வாறு இறங்கியவர்கள் சில நொடிகளிலேயே மயங்கி விழுந்து உயிரிழந்த செய்திகளைத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் நாம் படித்திருக்கிறோம்.

மருத்துவமனை இதழில் இதனை நாங்கள் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இவ்விபத்தில் சிக்கியவர் மருத்துவமனையை அடைவதற்குள் காலம் கடந்துவிடக்கூடும். எங்களால் காப்பாற்ற இயலும் உயிர்களைவிட, பணியை ஒப்படைக்கும் வீட்டாரால் காப்பாற்ற இயலும் உயிர்களே அதிகம்.

தொட்டிக்குள் இருப்பது என்ன?

காற்றுப் புகாத தொட்டியில் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் உண்டாகின்றன. இவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடு மிகக் கொடியது. அது காற்றைவிடக் கனமானது. ஆதலால் அடியில் தங்கிவிடும். கழிவைக் கிளறும்போது அதில் அடைபட்டிருந்த வாயு திடீரெனப் பெருமளவில் வெளிப்படும்.

குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கின் நுகரும் ஆற்றல் மரத்துப்போகிறது. நாற்றம் நின்றுவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று கருதுவோர் அப்போதுதான் பேராபத்தில் இருக்கின்றனர். அளவு மேலும் கூடினால், உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை இழக்கின்றன. ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பக்கூடும்.

விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிடில் இறங்கலாம் என்பது பழைய நம்பிக்கை. விளக்கு ஹைட்ரஜன் சல்பைடைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். முகத்தில் கட்டும் துணியோ சாதாரண முகக்கவசமோ இவ்வாயுக்களைத் தடுக்காது. நெடுநாள் பயன்படாத கிணறுகளிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்வது

உரிய பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றி ஒருவரைச் சாக்கடையிலோ மலக்கழிவுத் தொட்டியிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. இத்தடை உள்ளாட்சி அமைப்புகளுக்கு மட்டுமன்றித் தனிமனிதருக்கும் பொருந்தும். முதன்முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் மீறினால் அவை 5 ஆண்டு, 5 லட்சம் ரூபாய் என உயர்கின்றன. "அவரே விருப்பப்பட்டு இறங்கினார்" என்று கூறிப் பணியமர்த்தியவர் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இயலாது.

சாக்கடைப் பணியில் இறப்போரின் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. ஆயினும் எத்தொகையும் ஒரு குடும்பத்திற்கு அதன் தலைவனைத் திருப்பித் தருவதில்லை.

உரிமம் எதற்காக?

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டங்கள் திருத்தப்பட்டு, மலக்கழிவை அகற்றி எடுத்துச் செல்லும் வாகனங்களுக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. இவ்வாகனம் குழாயைத் தொட்டிக்குள் செலுத்தி, உறிஞ்சும் விசையால் கழிவை வெளியேற்றும். மனிதர் உள்ளே இறங்கவேண்டிய தேவையே எழுவதில்லை. எடுத்த கழிவை ஊருணியிலோ வயலிலோ கொட்டாமல் உரிய இடத்தில் சேர்ப்பதும் உரிமம் பெற்றவரின் கடமை.

ஆகவே, பணியை ஒப்படைக்கும் முன் பின்வருவனவற்றைச் செய்யுங்கள்:

1. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தை அணுகி, உரிமம் பெற்ற வாகனம் குறித்துக் கேளுங்கள். 14420 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம்.
2. உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதன் காலம் முடிந்துவிட்டதா என்றும், அதிலுள்ள வாகன எண்ணும் வந்துள்ள வாகனத்தின் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.
3. "எவரும் உள்ளே இறங்கக்கூடாது" என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லுங்கள். அடியில் எஞ்சும் சிறிதளவு கசடு தொட்டியின் இயக்கத்திற்குத் தீங்கு செய்யாது.
4. குழந்தைகளையும் முதியோரையும் தொலைவில் இருக்கச் செய்யுங்கள். அருகில் புகைபிடிக்கவோ தீக்குச்சி உரசவோ அனுமதியாதீர்கள்.
5. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்துவிடுங்கள். நெடுங்காலம் விட்டுவைத்த தொட்டியில் கசடு இறுகிவிடும். அப்போதுதான் ஆளை இறக்கும் எண்ணம் தோன்றும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழ்வோர், வீட்டைக் கவனித்துக்கொள்பவருக்கு இவற்றைத் தொலைபேசியிலேனும் தெளிவாகக் கூறிவிடுங்கள்.

ஒருவர் விழுந்துவிட்டால்

காப்பாற்றும் நோக்கில் நீங்கள் இறங்காதீர்கள். ஒருவரைத் தொடர்ந்து மகனும் தம்பியும் இறங்கி மூவருமே உயிரிழந்த துயரங்கள் உண்டு. உடனே 101இல் தீயணைப்புத் துறையையும் 108இல் ஆம்புலன்சையும் அழையுங்கள். அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தபடியே இழுத்து வெளியேற்றுங்கள்.

வெளியே எடுத்தவரைத் தொட்டியிலிருந்து தள்ளித் திறந்த வெளியில் படுக்க வையுங்கள். மூச்சில்லையெனில் மார்பின் நடுவில் இரு கைகளாலும், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதுவது இங்கு உங்களுக்கே கேடாகலாம். நினைவற்றவருக்கு நீரோ எலுமிச்சைச் சாறோ புகட்டாதீர்கள். அவர் கண்விழித்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நுரையீரலில் நீர் கோத்தல் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம்.

மருந்துச் சீட்டைச் சரிபார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தை இம்மருத்துவமனையில் நாங்கள் ஊக்குவிக்கிறோம். உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வாகனத்தின் உரிமத்தையும் அவ்வாறே கேட்டுப் பாருங்கள். கூச்சம் வேண்டாம், அக்கேள்வி, கைகட்டி நிற்கும் அந்தத் தொழிலாளியின் உயிருக்காகக் கேட்கப்படுவது.