கணினியும் கலாசாலை விதிகளும்

கலாசாலையிற் சேரும் மாணாக்கர், கணினிக் கூடத்தைப் பயன்படுத்தத் தொடங்குமுன் விதிகள் அடங்கிய தாளொன்றில் கையொப்பமிடுவது வழக்கம். பிறருடைய கடவுச்சொல்லைக் கையாளலாகாது, அனுமதியின்றி வேறு கணினியினுட் புகலாகாது, வலையமைப்பின் இயக்கத்தைத் தடுக்கலாகாது என்பன அவற்றுள் முதன்மையானவை. தீய நோக்கமில்லாத நமக்கு இவ்விதிகள் எதற்கு என்று எண்ணுவோரும் உளர். அவ்வெண்ணம் பொருந்துமோ என்பதை உண்மை நிகழ்ச்சியொன்றால் ஈண்டு ஆராய்வோம்.

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவிலுள்ள கார்னெல் சர்வகலாசாலையில் மேற்படிப்புப் பயின்றுவந்த ராபர்ட் மாரிஸ் என்பார், கணினிக்குக் கணினி தானே பரவும் நிரலொன்றை இணையத்தில் விடுத்தார். யூனிக்ஸ் முறையில் இயங்கிய கணினிகளின் குறைகளையும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்களையும் வாயிலாகக் கொண்டு அது உட்புகுந்தது. எவருடைய கோப்பையும் அது அழித்ததில்லை. புகுந்தவிடத்துத் தன் படி முன்னரே இருப்பின் ஒன்று ஒழியுமாறு அவர் அமைத்திருந்தார். ஆயினும், கணினிக் காவலர் பொய்விடை தந்து அதனைத் தடுப்பரென அஞ்சி, ஏழில் ஒருமுறை எவ்வாறாயினும் நிலைத்திருக்குமாறும் செய்துவிட்டார். இச்சிறு கணக்கே பெருங்கேடாய் முடிந்தது. படிகள் மேன்மேலும் பெருக, கணினிகள் பிற வேலை செய்யமாட்டாது தளர்ந்தன. அந்நாளில் இணையத்திற் பிணைந்திருந்த ஏறக்குறைய 60,000 கணினிகளுள் 6,000 இவ்வாறு பற்றப்பட்டன என்பது மதிப்பு. இதனை 'மாரிஸ் புழு' என வழங்குவர்.

கார்னெல் நியமித்த விசாரணைக் குழு 1989-இல் தன் முடிவை வெளியிட்டது. மாரிஸ் தம் துறையின் கணினி விதிகளை அறிய முயலவில்லை. சர்வகலாசாலையும் அவற்றை அவருக்கு அறிவிக்கத் தனிமுயற்சி செய்யவில்லை. எனினும், முன்பு ஹார்வர்டிற் பயின்றபோதே ஒத்த விதிகள் அவருக்குத் தரப்பட்டிருந்தன என்று அக்குழு கண்டது. அவர் சர்வகலாசாலையினின்றும் விலக்கிவைக்கப்பட்டார். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 1990-இல் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக ஊழியமும், 10,050 டாலர் அபராதமும் பெற்றார். பிற்காலத்தில் அவரே மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியரானார் என்பதும் அறியத்தக்கது.

இதனால் நாம் உணர்வன இரண்டு. பூட்டப்படாத கதவு, புகுவார்க்கு அனுமதியாகாது. நோக்கம் தீயதன்று என்பது விளைந்த கேட்டை மாற்றாது. காகிதத்திற் பிழைத்த கணக்கு ஒருவனோடு நிற்கும். வலையமைப்பிற் பிழைத்த கணக்கோ அறியாத ஆயிரவரைத் தாக்கும். ஆதலின், கையொப்பமிடுமுன் விதிகளைப் படித்தல் மாணாக்கர் கடன்; அவற்றின் காரணத்தை எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். இவ்விரண்டும் ஒருங்கே நிகழுமிடத்துத் தண்டனைக்கு வேலை குறையும்.