வனமே தனம்

பட்டாளத்தைக் கலைத்துவிட்டு வனத்தைக் காக்கும் தேசம் ஒன்று உண்டென்றால் நேயர்கள் வியப்புறுவர். மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிகாவே அது.

1948-ல் சேனையை ஒழித்த அச்சிறு குடியரசு, மாட்டு மேய்ச்சலுக்காகத் தன் காடுகளைத் தானே வெட்டி வீழ்த்தியது. பிறகுதான் விழித்துக்கொண்டது. 1996-ல் காடழிப்பைச் சட்டம் தடுத்தது. எரிபொருள் வரியிலிருந்து, மரங்களைக் காக்கும் குடியானவனுக்கு ஊதியம் அளிக்கலாயிற்று. இன்று தேசத்தில் பாதிக்கு மேல் வனமாகும். கடலாமைகளையும் கெட்ஸால் பறவையையும் காணப் பிரயாணிகள் திரளுகின்றனர். கூட்டமே காட்டைக் கெடுக்காதிருக்க, மனுவேல் அந்தோனியோ வனத்தில் தினசரி வருவோர் தொகைக்கு வரம்பும் விதித்துள்ளனர்.

வெட்டிய மரம் ஒருமுறையே விலைபோகும். நிற்கும் மரமோ ஆண்டுதோறும் அன்னமிடும். காட்டோரக் குடிகளின் வயிறு நிறைந்தாலன்றிக் காடு நிலையாது. நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.